ஊசி எட்டாத முன்பகுதி: சேர்வராயன் மலை நோயாளி ஒருவரின் புராஸ்டேட் பயாப்சி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளிக்கு 66 வயது. சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நெடுங்காலமாக மேஸ்திரியாக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் புராஸ்டேட் புற்றுநோய் வந்ததாகத் தெரியவில்லை. மகன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இவருக்குச் சிறுநீர்த் தொல்லை அதிகமானது. இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருந்தது, தாரை மெலிந்தது, போய்விட்டு வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு இருந்தது. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. மில்லிலிட்டருக்கு 7.8 நானோகிராம். பி.எஸ்.ஏ. என்பது, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோயில் மட்டுமின்றி, வயதால் சுரப்பி பெருத்தாலும் கிருமித் தொற்று வந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு கூடும். 4 முதல் 10 வரையிலான அளவை வைத்துக்கொண்டு புற்று உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் வேறொரு ஊரின் மருத்துவமனையில் அவருக்குப் பயாப்சி, அதாவது ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் சோதனை, செய்யப்பட்டது.

முதல் பயாப்சி

மலக்குடலுக்குள் அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, குடற்சுவர் வழியாகவே புராஸ்டேட்டுக்குள் ஊசி செலுத்தி, 12 இடங்களில் திசு எடுத்தார்கள். சுரப்பியின் கொள்ளளவு 52 மி.லி. என்று அளந்திருந்தார்கள். "தீங்கற்ற புராஸ்டேட் பெருக்கம். புற்று அணுக்கள் காணப்படவில்லை" என்பது அறிக்கை.

மூன்றாம் நாள் இரவு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. ஜீப்பில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரத்தத்தில் ஈ. கோலி கிருமி வளர்ந்தது. பயாப்சிக்கு முன் கொடுக்கப்பட்டிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. மெரோபெனெம் ஊசி போட்டு ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்ததே பெரிது என்று குடும்பம் நினைத்ததில் வியப்பில்லை. நம் நாட்டில் குடலில் வாழும் ஈ. கோலி கிருமிகளில் பெரும்பங்கு சிப்ரோஃப்ளாக்சசின் குடும்ப மருந்துகளுக்கு அடங்குவதில்லை. குடற்சுவரைத் துளைத்துச் செல்லும் ஊசி அந்தக் கிருமிகளைத் தன்னோடு சுரப்பிக்குள் கொண்டுபோகிறது.

அந்த மருத்துவமனை வழக்கத்துக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை. 1989இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜும் சக மருத்துவர்களும் ஆறு இடங்களில் ஒழுங்குமுறையாகத் திசு எடுக்கும் முறையை எழுதினார்கள். பின்னர் அது 10, 12 இடங்களாக வளர்ந்து உலகெங்கும் வழக்கமானது. அந்த முறைக்கென்று ஒரு வரம்பு உண்டு. ஊசி ஒரு பாய்ச்சலில் ஏறத்தாழ 2 செ.மீ. நீளத் திசுவைத்தான் எடுக்கும். மலக்குடலை ஒட்டிய பின்பகுதியில்தான் பெரும்பாலான புற்றுகள் தோன்றுகின்றன என்பதால் 12 ஊசிகளும் அங்கேயே போகும். பெருத்த சுரப்பியின் முன்பகுதி, அதாவது அடிவயிற்று எலும்பை நோக்கிய பகுதி, தொடப்படாமலே நின்றுவிடும். அறிக்கையில் அது பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. "புற்று அணுக்கள் காணப்படவில்லை" என்பதைப் படிக்கிறவர்கள் சுரப்பி முழுவதற்கும் சேர்த்தே அதைப் புரிந்துகொள்கிறார்கள்.

மாத்திரையும் மூன்று சீட்டுகளும்

பயாப்சிக்குப் பிறகு டாம்சுலோசினும் டூடாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை தொடங்கப்பட்டது. முதலாவது சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும்; இரண்டாவது சுரப்பியைச் சுருக்கும். தாரை கொஞ்சம் மேம்பட்டது. எட்டு மாதம் கழித்து எடுத்த பி.எஸ்.ஏ. 4.1. சீட்டில் "இயல்பு அளவு 4 வரை" என்று அச்சிட்டிருந்ததால் எல்லோருக்கும் நிம்மதி. 2023 செப்டம்பரில் எடுத்தது 5.9. முன்பு 7.8 இருந்ததே, அதைவிடக் குறைவுதானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபரில் மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளத்தான் சேலத்தில் எங்களிடம் வந்தார். மகன் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாக் காகிதங்களையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மூன்று பி.எஸ்.ஏ. சீட்டுகளையும் தேதி வரிசையில் மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த நேரத்தில் என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது என்று பென்சிலால் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது.

டூடாஸ்டெரைடை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 7.8 என்பது 4.1 ஆனது மாத்திரையின் வேலை. அதன்பின் மாத்திரை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 4.1 என்பது 5.9 ஆனதற்கு மாத்திரை காரணமாக முடியாது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் பி.எஸ்.ஏ. அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறினால், ஏறிய அளவு சிறிதாக இருந்தாலும் காரணம் தேடியாக வேண்டும்.

கவனித்தவை

விரலால் சோதித்ததில் சுரப்பி பெருத்து, வழவழப்பாக இருந்தது. கடினமான முடிச்சு எதுவும் தட்டுப்படவில்லை. விரல் எட்டுவதும் பின்பகுதியை மட்டுமே என்பதால் இதிலிருந்து பெரிய ஆறுதல் கிடையாது. சிறுநீரில் கிருமி வளரவில்லை. நவம்பர் தொடக்கத்தில் மறுபடி எடுத்த பி.எஸ்.ஏ. 6.1. மாத்திரைக்கு ஈடுகட்டி இரட்டித்தால் 12.2.

பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். 0.15க்கு மேல் போனால் ஐயம் கூடும். 2022இல் 7.8ஐ 52ஆல் வகுத்தால் 0.15. இப்போது சுரப்பி சுருங்கி 41 மி.லி. ஆகியிருந்தது, 6.1ஐ 41ஆல் வகுத்தாலும் 0.15தான். காகிதத்தில் ஒன்றும் மாறாதது போலத் தோன்றும். மாத்திரை மேலே உள்ள எண்ணையும் குறைக்கிறது, கீழே உள்ள எண்ணையும் குறைக்கிறது என்பதை மறந்தால் இந்த விகிதம் ஏமாற்றிவிடும். ஈடுகட்டிய 12.2ஐப் பழைய 52ஆல் வகுத்தால் 0.23 வருகிறது.

எம்.ஆர்.ஐ.

நவம்பர் நடுவில் 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் ஸ்கேன் எடுக்கப்பட்டது. 3 டெஸ்லா இருந்தால் நல்லது. ஆனால் ஒழுங்காக எடுத்தால் 1.5 போதும் என்பது என் கருத்து. ஒழுங்காக எடுப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மலக்குடலில் வாயு நிறைந்திருந்தால், நீர்மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படம் கோணிப்போகும். புற்றைச் சந்தேகிக்க மிகவும் உதவுவது அந்தப் படம். அதனால் முந்தின இரவு எளிதில் செரிக்கும் உணவு, காலையில் குடலைக் காலி செய்யும் மருந்து, படம் எடுப்பதற்குச் சற்று முன் குடலசைவை அடக்கும் ஊசி என்று எல்லாம் சொல்லி அனுப்பினோம். முதல் பயாப்சி நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் பழைய ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும் அபாயம் இல்லை.

படத்தில் சுரப்பியின் முன்பகுதியில், நடுக்கோட்டுக்கு வலப்புறம், 16 மி.மீ. அளவுள்ள கருமையான பகுதி தெரிந்தது. விளிம்பு தெளிவில்லாமல், இருபுறமும் குவிந்த வில்லை வடிவில் இருந்தது. வயதால் வரும் முடிச்சுகளைச் சுற்றி இருக்கும் உறை இதற்கு இல்லை. டிஃப்யூஷன் படத்திலும் அது துலங்கியது. பைராட்ஸ் என்ற ஐந்து படி அளவுகோலில் இதற்கு 5, அதாவது ஐயத்தின் உச்சப் படி, கொடுக்கப்பட்டது. சுரப்பியின் பின்பகுதியில் ஐயப்படும்படி ஒன்றுமில்லை. 2022இல் ஊசிகள் போன இடங்கள் அனைத்தும் படத்தில் சுத்தமாக இருந்தன.

எந்த முறை, ஏன்

இதற்கடுத்து என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். ஐயப்படும் இடம் படத்தில் தெரிந்துவிட்டது. ஊசியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் பல வழிகள் உண்டு. எல்லா வழிகளும் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

மலக்குடல் வழியாக மறுபடியும் 12 ஊசி என்பதை உடனே ஒதுக்கினோம். போன முறை எட்டாத இடத்துக்கு இந்த முறையும் எட்டாது. காய்ச்சல் வேறு வரக்கூடும்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நோயாளியைப் படுக்கவைத்து, படம் பார்த்துக்கொண்டே ஊசி போடுவது ஒரு முறை. ஊசி முனை கட்டிக்குள் இருப்பதை அப்போதே கண்ணால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், குறித்த இடத்தைத் தவிர மற்ற இடங்களில் திசு எடுக்க இயலாது, அதற்கென்றே செய்த கருவிகள் வேண்டும். இவருக்கு அது பொருந்தவில்லை.

மற்றொன்று ஃப்யூஷன் முறை. முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை, ஓடிக்கொண்டிருக்கும் அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல் கணினி பொருத்திக் காட்டும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை. கோவைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும். சேலத்திலிருந்து கோவை ஏறத்தாழ 160 கி.மீ.

கடைசியாக, கருவியின் துணையில்லாமல், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு, அல்ட்ராசவுண்டில் அதே இடத்தைக் கண்ணால் கண்டுபிடித்து ஊசி செலுத்தும் முறை. மருத்துவர்கள் இதைக் காக்னிட்டிவ் முறை என்பார்கள்.

ஃப்யூஷன் கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்பாமல் இங்கேயே செய்வது நோயாளிக்குக் குறை வைப்பதாகுமா? இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியானது. ஃப்யூச்சர் என்று அதற்குப் பெயர். இவரைப் போலவே முதல் பயாப்சியில் புற்று இல்லை என்று வந்தும் ஐயம் தீராத 665 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தில் ஐயத்துக்கு இடம் இருந்த 234 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, மேலே சொன்ன மூன்று முறைகளில் குழுவுக்கு ஒரு முறையாகப் பயாப்சி செய்தார்கள். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முக்கியமான புற்று ஃப்யூஷன் குழுவில் 34 சதவீதத்தினருக்கும், மற்ற இரு குழுக்களிலும் 33 சதவீதத்தினருக்கும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் எண்பதுக்கும் குறைவானவர்களே இருந்ததால், மூன்றும் எல்லா வகையிலும் சமம் என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்லிவிட முடியாது. பெரிய வேறுபாடு இல்லை என்று சொல்லலாம்.

அதே ஆண்டில் பிரிட்டனிலிருந்து வந்த ஸ்மார்ட் டார்கெட் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமானதாகப் படுகிறது. அதில் ஒரே ஆளுக்கு இரண்டு முறைகளிலும் திசு எடுத்தார்கள். மொத்தம் 93 பேருக்கு முக்கியமான புற்று இருந்தது. கண்ணால் பொருத்தும் முறை 80 பேரிடம் கண்டது. கணினி பொருத்தும் முறையும் 80 பேரிடம் கண்டது. ஒவ்வொன்றும் தவறவிட்ட 13 பேரை மற்றது பிடித்தது. ஆக, எந்த முறையைத் தனியாக நம்பினாலும் ஏழில் ஒருவர் நழுவக்கூடும். கருவி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்றோ, கருவி இல்லாததால் கைகட்டி நிற்க வேண்டும் என்றோ இதிலிருந்து முடிவுக்கு வர வழியில்லை.

குறித்த இடத்தில் மட்டும் எடுத்தால் போதுமா என்பதும் பேசப்பட்டது. 2020இல் அமெரிக்காவில் 2,103 பேரை வைத்து வெளிவந்த ஆய்வில், ஐயப்பட்ட இடத்தோடு ஒழுங்குமுறைப் பயாப்சியையும் சேர்த்துச் செய்தபோதுதான் நோயின் தரம் மிகச் சரியாகத் தெரிந்தது. குறித்த இடத்தை மட்டும் எடுத்திருந்தால் முக்கியமான புற்றுகளில் 8.8 சதவீதத்தின் தரம் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கும். எனவே இரண்டையும் சேர்த்தே செய்வது என்று முடிவெடுத்தோம்.

மிச்சமிருந்தது ஊசியின் பாதை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியாகச் செலுத்தினால் ஊசி குடலைத் தொடாது. சுரப்பியின் நீளவாக்கில் செல்வதால் முன்பகுதிக்கும் எளிதில் எட்டும். இவருக்கு இருந்த இரண்டு சிக்கல்களுக்கும் இந்தப் பாதையில் விடை இருந்தது. கட்டி 16 மி.மீ. என்பதும், அதன் பக்கத்தில் அல்ட்ராசவுண்டிலும் தெரியக்கூடிய ஓர் அடையாளம் இருந்ததும் காக்னிட்டிவ் முறைக்குச் சாதகம். கட்டி 6 மி.மீ. அளவில் இருந்திருந்தால் தயங்காமல் கோவைக்கு அனுப்பியிருப்போம்.

நோயாளியிடம் பேசியது

"போன தடவை பன்னிரண்டு ஊசி குத்தி ஒன்றுமில்லை என்றுதானே எழுதிக் கொடுத்தார்கள் ஐயா? மறுபடியும் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்தைத் திரையில் காட்டி, ஊசிகள் போன இடத்தையும் கறுப்பாகத் தெரியும் இடத்தையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ரோட்டோரச் செடியை மட்டும் பறித்துப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் காய்த்துளைப்பான் இல்லை என்று முதலாளியிடம் சொன்ன மாதிரி." அதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. எல்லாம் முடிந்து ஜனவரி கடைசியில் வருகிறேன் என்றார். புராஸ்டேட் புற்று பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சில வாரத் தாமதத்தால் பாதகமில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். ஆனால் ஜனவரிக்குப் பின் மிளகு, அதன்பின் கவாத்து என்று தோட்ட வேலைக்கு முடிவு கிடையாது. மனைவிதான் பேச்சை முடித்துவைத்தார். இரண்டு சுற்றுப் பறிப்புக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளை அங்கேயே குறித்துக்கொண்டு போனார்கள்.

பயாப்சி நாள்

ஆஸ்பிரினை நிறுத்தவில்லை. ஸ்டென்ட் உள்ளவருக்கு அதை நிறுத்துவதில் உள்ள ஆபத்து, கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கசிவதைவிடப் பெரிது. முன்கூட்டியே எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. தோல் கிருமிகளுக்காக ஒரே ஒரு வேளை செஃபசோலின் கொடுத்தோம்.

கதிரியக்க மருத்துவரும் அறைக்குள் இருந்தார். இந்த முறையில் அது இன்றியமையாதது என்று கருதுகிறேன். அறிக்கையில் "வலது முன்பகுதி" என்று படிப்பதும், படத்தை வாசித்தவரே பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் மேலே" என்று சொல்வதும் ஒன்றாகாது. அவர் முந்தின நாளே ஒரு வெள்ளைத் தாளில் சுரப்பியைக் குறுக்காகவும் நீளமாகவும் வரைந்து, கட்டியைப் பென்சிலால் நிழலிட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை அல்ட்ராசவுண்ட் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தோம்.

அந்தத் தாளில் ஒரு சிறு வட்டம் இருந்தது. வலப்புறம் இருந்த 6 மி.மீ. நீர்க்கட்டி. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகவும் அல்ட்ராசவுண்டில் கறுப்பாகவும் தெளிவாகத் தெரியும். புற்றெனச் சந்தேகித்த இடம் அதற்கு முன்னால் 5 மி.மீ. தள்ளித் தொடங்கியது. சுரப்பியின் பின் விளிம்பிலிருந்து அளந்து போகாமல் இந்த நீர்க்கட்டியையும் சிறுநீர்க் குழாயையும் அடையாளமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மலக்குடல் காலியாக இருக்கும். பயாப்சியின்போது உள்ளே இருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி சுரப்பியைப் பின்னாலிருந்து அழுத்தும். அழுத்தத்தில் சுரப்பி தட்டையாகி, முன்பின் தூரங்கள் குறைந்துவிடும். படத்தில் அளந்த மி.மீ. கணக்கை அப்படியே பின்பற்றினால் ஊசி இலக்கைத் தாண்டிப் போகலாம். சுரப்பிக்குள்ளேயே இருக்கும் அடையாளங்கள் கட்டியோடு சேர்ந்து நகரும்.

தோலிலும் சுரப்பியைச் சுற்றியும் லிக்னோகைன் போட்டு மரத்துப்போகச் செய்தோம். தோலில் ஒரு பக்கத்துக்கு ஒரு துளை மட்டும். ஒரு மெல்லிய குழாயை அதில் நிறுத்தி, அதன் வழியாகவே பயாப்சி ஊசியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினோம். கட்டி அல்ட்ராசவுண்டில் அரைகுறையாகத்தான் தெரிந்தது. நீர்க்கட்டி இல்லாதிருந்தால் அந்த மங்கலை நம்பியிருக்க முடியாது. இலக்கில் நான்கு துண்டுகள் எடுத்தோம். இரண்டு நடுவில், இரண்டு இரு ஓரங்களில். பிறகு சுரப்பி முழுவதும் பரவலாகப் பத்துத் துண்டுகள். இடத்துக்கு ஒரு புட்டி என்று ஃபார்மலினில் தனித்தனியாகப் போட்டு, எழுதி ஒட்டினோம். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டால், புற்று எங்கிருந்து வந்தது என்ற தகவலே காணாமல் போய்விடும்.

வலி பத்துக்கு நான்கு என்றார். சிறுநீர் தடையின்றிப் போனதை உறுதிசெய்த பிறகே அனுப்பினோம். மலைக்குத் திரும்ப விடாமல் இரண்டு இரவு மகன் வீட்டில் தங்கச் சொன்னோம். நள்ளிரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் மலைப்பாதையில் இறங்கிவர வேண்டியிருக்கும் என்பது காரணம். இரண்டு நாள் சிறுநீரில் லேசாக ரத்தம் வந்தது. விந்தில் சில வாரம் ரத்தக்கறை இருக்கலாம் என்பதையும் முன்பே சொல்லியிருந்தோம்; சொல்லாவிட்டால் பயந்துபோவார்கள், வெளியில் கேட்கவும் கூச்சப்படுவார்கள். காய்ச்சல் வரவில்லை.

அறிக்கை

இலக்கில் எடுத்த நான்கு துண்டுகளில் மூன்றில் புற்று. அணுக்களின் தோற்றத்தை வைத்துப் புற்றின் தீவிரத்தைக் குறிக்கும் க்ளீசன் மதிப்பெண் 4+3=7; ஐந்து தரக்குழுக்களில் இது 3. மிக நீளமான புற்றுப் பகுதி 9 மி.மீ. பரவலாக எடுத்த பத்தில் ஒன்றில் மட்டும், வலது முன்பகுதித் துண்டில், 2 மி.மீ. நீளத்துக்குப் புற்று இருந்தது. அதன் தரம் 3+3=6, அதாவது தரக்குழு 1. பின்பகுதியில் எடுத்த துண்டுகள் அனைத்தும் சுத்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பழைய முறையிலேயே இரண்டாம் முறையும் செய்திருந்தால் மறுபடியும் "புற்று இல்லை" என்றே வந்திருக்கக்கூடும். தோல் வழியே போயும், எம்.ஆர்.ஐ.யைப் பாராமல் பரவலாக மட்டும் எடுத்திருந்தால் தரக்குழு 1 என்று வந்திருக்கும். அந்தத் தரத்துக்கு உரிய அறிவுரை, சிகிச்சை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்பது. பொதுவாக அது நல்ல அறிவுரையும்கூட. இவருக்கு அது கெடுதலாக முடிந்திருக்கும்.

முடிவைச் சொன்னபோது மனைவியும் மகனும் உடனிருந்தார்கள். "அப்போதே இருந்ததா ஐயா?" என்று ஒரே கேள்வி கேட்டார். இருந்திருக்க வாய்ப்பு அதிகம், எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது, இப்போதும் குணப்படுத்தக்கூடிய நிலைதான் என்று சொன்னேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

தொடர்ந்து நடந்தது

ஜனவரியில் கோவையில், புற்று உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வொன்றில், பரவலைக் கண்டறிவதில் இதன் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்த வழக்கமான முறைக்கு 65 சதவீதம். இவருக்கு நிணநீர்க் கணுக்களிலோ எலும்பிலோ பரவல் இல்லை.

கதிர்வீச்சுடன் சில மாத ஹார்மோன் ஊசி, அல்லது அறுவைச் சிகிச்சை என இரண்டு வழிகளையும் அவற்றின் பக்கவிளைவுகளோடு தனித்தனி மருத்துவர்களிடம் கேட்டறியச் சொன்னோம். சிறுநீர்த் தடையும் சேர்ந்து இருந்ததால் அறுவையைத் தேர்ந்தார். இதய மருத்துவரின் ஒப்புதலுடன் 2024 பிப்ரவரி இறுதியில் அது நடந்தது. எடுத்த சுரப்பியில் கட்டியின் அளவு 21 மி.மீ. தரம் பயாப்சியில் கண்டது போலவே 4+3. புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது. வெட்டிய விளிம்புகளும் கணுக்களும் சுத்தம். எம்.ஆர்.ஐ. 16 என்று காட்டியது 21ஆக இருந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். படம் பெரும்பாலும் கட்டியைச் சிறிதாகவே காட்டும். இலக்கின் ஓரங்களிலும் அதைச் சுற்றியும் துண்டு எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறு வாரத்தில் பி.எஸ்.ஏ. 0.1க்குக் கீழே போனது; 2025 இறுதிவரை அங்கேயே நிற்கிறது. சிறுநீர்க் கசிவு நான்கு மாதம் இருந்தது, இடுப்புத்தசைப் பயிற்சியில் நின்றது. விறைப்புத்தன்மை முழுதாகத் திரும்பவில்லை. ஜூன் மாதம் தோட்ட வேலைக்குத் திரும்பினார்.

ஊசியின் பாதை பற்றி நாங்கள் முடிவெடுத்த பிறகு 2025இல் பிரிட்டனின் டிரான்ஸ்லேட் ஆய்வு வெளிவந்தது. 1,126 பேரில் முதல் பயாப்சியைத் தோல் வழியாகச் செய்துகொண்டவர்களில் 60 சதவீதத்தினருக்கும், மலக்குடல் வழியாகச் செய்துகொண்டவர்களில் 54 சதவீதத்தினருக்கும் முக்கியமான புற்று தெரியவந்தது. வலியும் கூச்சமும் தோல் வழியில் கூடுதல் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இதை நோயாளிகளிடம் சொல்லாமல் விடக்கூடாது.

எங்கள் வழக்கத்தில் மாறியவை

முதல் பயாப்சிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுப்பது என்பதை இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம். 2018இல் 500 பேரிடம் நடந்த பிரிசிஷன் ஆய்வில், எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்தபோது முக்கியமான புற்று 38 சதவீதத்தினருக்கும், பழைய முறையில் 26 சதவீதத்தினருக்கும் கண்டுபிடிக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. குழுவில் 28 சதவீதத்தினருக்குப் பயாப்சியே தேவைப்படவில்லை. படத்தில் தெரிவதெல்லாம் புற்றல்ல என்பதும் உண்மை. 2017இன் பிராமிஸ் ஆய்வில் எம்.ஆர்.ஐ. முக்கியமான புற்றுகளில் 93 சதவீதத்தைக் கண்டது. ஆனால் அப்படிப்பட்ட புற்று இல்லாதவர்களில் 41 சதவீதத்தினரை மட்டுமே சரியாக விலக்கியது. ஆகவே படத்தை மட்டும் வைத்து யாருக்கும் புற்றுநோய் என்று சொல்வதில்லை.

பி.எஸ்.ஏ. கேட்டு எழுதும் சீட்டில் டூடாஸ்டெரைடோ அதே வகையைச் சேர்ந்த ஃபினாஸ்டெரைடோ எத்தனை மாதமாக ஓடுகிறது என்று எழுத ஓர் இடம் விட்டிருக்கிறோம். எங்கள் பயாப்சி அறிக்கையோடு, எந்தெந்த இடத்தில் திசு எடுக்கப்பட்டது, எந்த இடம் எடுக்கப்படவில்லை என்று காட்டும் படம் ஒன்றை இணைக்கிறோம்.

ஃப்யூஷன் கருவிக்கு அனுப்ப வேண்டியவர்கள் யார் என்பதையும் எழுதிவைத்திருக்கிறோம். 10 மி.மீ.க்குக் குறைந்த கட்டி, பக்கத்தில் அடையாளம் ஏதும் இல்லாத கட்டி, மிகப் பெரிய சுரப்பி, படத்தில் ஐயம் வலுவாக இருந்தும் எங்கள் கையால் எடுத்த துண்டுகளில் ஒன்றும் வராதவர்கள். இந்தக் கடைசி வகையினரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவதில்லை. கதிரியக்க மருத்துவரும் நானும் படத்தையும் ஊசி போன இடத்தையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த முடிவைச் சொல்கிறோம்.

ஸ்கேன் மையத்துடன் பேசி, எம்.ஆர்.ஐ.க்கு முன் செய்ய வேண்டியவற்றைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டோம். ஏற்காடு, வாழப்பாடி, மேட்டூர் பக்கங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் ஒரே நாளில் காலை பத்து மணிக்கு மேல் வைக்கச் சொல்லியிருக்கிறோம். விடியற்காலையில் குடலைக் காலி செய்யும் மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பஸ்ஸில் வருவது வயதானவர்களால் ஆகிற காரியம் இல்லை. அந்த மருந்தை இங்கே வந்த பிறகு, மையத்திலேயே கொடுக்க இப்போது ஏற்பாடாகியிருக்கிறது.